சம்மாட்டியம்மாவும் சிவத்தக்கண்ணியும்

பனிமூட்டம் இறங்கிய நாட்களில் அந்தப் படகு முதலில் காதுக்குத்தான் வந்து சேரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே ஏரி கிடக்கிறது என்பதே தெரியாதபடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக்குள் எங்கோ ஓர் இயந்திரம் இருமும். பிறகு சீராக உறுமும். பிறகு சட்டென்று அடங்கும். அது அடங்கிச் சற்று நேரத்தில் செம்மஞ்சள் நிற ரப்பர் ஏப்ரன் ஒன்று வெளியே வரும். அதை அணிந்திருக்கும் பெண்ணையும் அவர் இடுப்பில் அணைத்திருக்கும் மீன்பெட்டியையும் அதற்குப் பிறகுதான் கண் பிரித்தறியும். என் கைகள் வெந்நீருக்குள் இருக்கும். நான் அந்த ஏப்ரனைப் பார்த்தபடியே தட்டுகளைத் தேய்ப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பீல் ஏரியின் வடகரையில், திராட்சைத் தோட்டங்கள் மலைச்சரிவிலிருந்து தண்ணீர்வரை இறங்கிவருகிற ஒரு சிற்றூரில், ஏரி மீனுக்குப் பேர்போன உணவகம் ஒன்றில் எனக்கு வேலை. என் அகதி விண்ணப்பம் தலைநகர் பேர்ணில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. சமையலறையில் என்னோடு இன்னொரு தமிழரும் இருந்தார். அவரை எல்லோரும் பெரியண்ணை என்போம். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே கிழங்கு தோலுரித்தார், வெங்காயம் வெட்டினார். எங்கள் அறையில் வயதால் மூத்தவர் என்பதால் அந்தப் பெயர். மீன்காரப் பெண்ணுக்குச் சம்மாட்டியம்மா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எங்கள் கரையோர ஊர்களில் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து, ஆட்களை வைத்துத் தொழில் நடத்துபவர் சம்மாட்டி. ஒரு பெண் சம்மாட்டியாக இருந்ததை நாங்கள் இருவருமே கேள்விப்பட்டதில்லை. "நடையைப் பாரடா தம்பி. அது சம்மாட்டி நடைதான்," என்றார் பெரியண்ணை. பெயர் ஒட்டிக்கொண்டது.

நாற்பதைத் தாண்டிய வயது இருக்கும் அவருக்கு. தகப்பனின் படகையும் வலைகளையும் உரிமத்தையும் எடுத்து நடத்தினார். ஏரியிலிருந்த மற்ற மீனவர்கள் அவருக்குத் தலையசைத்து வணக்கம் சொல்வார்கள். ஆனால் அவர்களுடைய மேசையில் அவருக்கு யாரும் கதிரை இழுத்துப் போட்டதை நான் கண்டதில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் காட்டிக்கொண்டதில்லை. குரல் பெரிது. சிரிப்பு அதைவிடப் பெரிது. பேசியது பேர்ண் நாட்டுப்புறத்து டொச், ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு; வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த டொச்சுக்கும் அதற்கும் பெரிதாக உறவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் சொன்னவை என் நினைவுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே மாறிவிட்டன. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சம்மாட்டியம்மா பின்கதவால் உள்ளே வந்தார். இடுப்பில் பெட்டி இல்லை. உணவகத்தின் முதலாளியும் தலைமைச் சமையற்காரரும் ஒருவரே. அவரை ஷெஃப் என்றுதான் ஊரே அழைத்தது. அவர் கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு எக்லி வருமோ வராதோ?"

எக்லி அந்த ஏரிகளின் செல்லப்பிள்ளை. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். முதுகிலே முள் வரிசை, பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், வயிற்றுப் பக்கத்துச் செட்டைகள் செம்மஞ்சள். அதன் சதையை முள்ளில்லாமல் சீவியெடுத்து வெண்ணெயில் பொரித்துத் தருவார் ஷெஃப். அதற்காகவே தொலைவிலிருந்து ஆட்கள் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை மதியம் ஊர் ஆண்கள் பாட்டுக்குழுவின் ஆண்டுவிழா விருந்து. மேசைகள் முழுவதும் எக்லிக்குத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். சம்மாட்டியம்மாவோ சில வாரங்களாகக் கேட்டதில் பாதியைத்தான் தந்துகொண்டிருந்தார். அவரோடு படகில் போகிற தம்பி திராட்சை அறுவடையில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். எல்லா வலைகளையும் தனியே தூக்க ஒருவரால் முடியாது.

"வலை போட்டிருக்கிறன்," என்றார் சம்மாட்டியம்மா. "தூக்கிறதுக்குத்தான் ஆளில்லை."

ஷெஃப் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். உறைமீன் விற்கும் ஒருவர் இரண்டு தடவை வந்து போனது சமையலறைக்கே தெரியும். "நாளைக்கு நிறைவாக் கொண்டு வந்தீரெண்டால் நான் உம்மோடைதான் நிப்பன்," என்றார் ஷெஃப். "இல்லையெண்டால் திங்கட்கிழமை ஐஸ்பெட்டி இறங்கும். சாப்பிட வாற சனத்துக்கு மீனில்லையெண்டு எத்தனை தரம் சொல்லுறது?"

சம்மாட்டியம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பெரியண்ணையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஒரு தீவிலை இருந்து வந்தனீங்கள்தானே?"

இது எனக்குப் புரிந்தது. "யா," என்றேன்.

அடுத்து அவர் சொன்னதில் எனக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது: மோர்ன். பேர்ண்காரருக்கு அது 'நாளை'. எனக்கு அது தெரியாது. இந்த அம்மா எதற்காக என்னிடம் மோரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். தெரியாத கேள்விகளுக்கெல்லாம் நான் அந்த நாட்களில் வைத்திருந்த பதிலையே சொன்னேன்: "யா, யா." அவர் என் ஈரக் கையைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிவிட்டுக் கதவால் வெளியேறினார்.

ஷெஃப் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியண்ணைக்குக் கொஞ்சம் கூடுதலாக டொச் தெரியும். அவர் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தையும் மறந்து என்னைப் பார்த்தார்.

"டேய், நாளைக்கு விடிய நீ அவவோடை மீன்பிடிக்கப் போறாய். ஒத்துக்கொண்டிட்டாய்."

"நானோ?"

"நீதான். உரும்பிராய்த் தோட்டக்காரன்ரை பிள்ளை. கிணத்தைத் தவிர வேறை தண்ணி கண்டிருக்கிறியோடா நீ? ஓடிப்போய் மாட்டனெண்டு சொல்லு."

நான் ஓடிப்போகவில்லை. அதற்குக் காரணம் துணிச்சல் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது எங்கேயிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்பவைதான். இரண்டு கை தேவைப்படுகிறது, வருகிறாயா என்று ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. புரியாமல் சொன்ன 'யா'தான். ஆனால் புரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று அன்றிரவு படுக்கப் போகும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நன்றாகத் தூங்கினேன்.

விடிகிற நேரம் சம்மாட்டியம்மாவின் படகுக் கொட்டிலுக்குப் போனேன். தன் தம்பியின் ரப்பர் காற்சட்டையையும் சப்பாத்தையும் அவர் எனக்குத் தந்தார். காற்சட்டை என் நெஞ்சுவரை வந்தது. படகு நீளமான அலுமினியப் படகு; நடுவில் பிளாஸ்ரிக் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூடுபனி கையால் விலக்கலாம் போலிருந்தது. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். கரை இல்லை, ஊர் இல்லை, தேவாலயக் கோபுரம் இல்லை. பிறகு அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்தார்.

"என்ன?"

"பொறும். ரயிலைக் கேக்கிறன்."

வடகரை முழுவதும் தண்ணீரை ஒட்டியே ரயில்பாதை ஓடுகிறது. சற்று நேரத்தில் இடது பக்கம் எங்கோ இரும்புச் சத்தம் கேட்டது. வளைவொன்றில் கிறீச்சிட்டு மங்கிப் போனது. அவர் படகின் மூக்கைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் இயந்திரத்தைக் கிளப்பினார். போகிறபோது உரத்த குரலில் கதைத்துக்கொண்டே வந்தார். அவருடைய கணவர் பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு வீட்டில் இருக்கிறார். படகுக் கொட்டிலை விடுமுறை வீடாக மாற்றுவதற்கு நகரத்துக்காரர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கிறார்; கணவருக்கு விற்கத்தான் விருப்பம். "ஷெஃப் என்னை விட்டிட்டால் விக்கிறதுதான் சரியெண்டு நானே ஒத்துக்கொள்ளுறன் எண்டு அவரிட்டைச் சொல்லிப்போட்டன். வாய் சும்மா இருக்காது எனக்கு." இதில் பாதி அன்று புரிந்தது, மீதியைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று காலை வலைக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு ஒரு விருந்துச் சாப்பாட்டைவிடப் பெரிய விஷயம் என்பது அப்போதே விளங்கியது.

முதலாவது மிதப்பு மூடுபனிக்குள்ளிருந்து வந்தது. அவர் கயிற்றைப் பிடித்து வலையை ஏற்றத் தொடங்கினார். கீழே விழுவதை அள்ளிப் பெட்டிக்குள் போடுவதும் மீனைக் கண்ணியிலிருந்து கழற்றுவதும் என் வேலை. வலை பாரமாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் முகம் மாறியது. வந்தவை எல்லாம் வெள்ளி நிறம், பட்டையே இல்லை. கண்கள் மட்டும் இரத்தச் சிவப்பு. டொச்சில் அதற்குப் பெயரே 'சிவப்புக் கண்'தான். ஒன்றிரண்டு எக்லிகள் இடையிடையே கிடந்தன. சம்மாட்டியம்மா எனக்குத் தெரிந்த கெட்டவார்த்தைகளையும் தெரியாதவற்றையும் சொன்னார். இரண்டாவது வலையும் அப்படியே. அவர் செத்த சிவப்புக்கண் மீன்களை இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீருக்கு மேலே எறியப் போனார். எங்கிருந்தோ நீர்ப்பறவைகள் கத்திக்கொண்டு வந்துவிட்டன.

"எறியாதேங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்காமல் அவர் கைக்குக் கீழே பெட்டியை நீட்டிவிட்டேன்.

அவர் அப்படியே நின்றார். "உதை ஆர் தின்னிறது? முழுக்க முள்ளு. பூனையே யோசிச்சுத்தான் தின்னும்."

டொச்சில் என்னிடமிருந்த சொற்களைத் தேடினேன். "நாங்கள்," என்றேன். "சாப்பிடுவம்."

"எவ்வளவு?"

"எல்லாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய சிரிப்பு வந்தது. மீன்கள் பெட்டிக்குள் விழுந்தன. பறவைகள் கோபமாகச் சுற்றின. எக்லிப் பெட்டியோ அடி தெரியக் கிடந்தது.

கடைசி வலை தூரத்தில், ஏரியின் அடித்தளம் சட்டென்று பள்ளமாக இறங்குகிற இடத்தில் கிடந்தது. போகும் வழியில் அவர் கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் இருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன். மிதப்பைப் பிடித்து இழுத்தார். முதல் இரண்டு பாக நீளம் ஏறியது. அதிலே எக்லி, அதற்கடுத்தும் எக்லி. பட்டை பட்டையாக, கண்ணிக்குக் கண்ணி தொங்கிக்கொண்டு வந்தன. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து வலை நின்றது. அடியில் ஏதோ மரக்கட்டையிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தார், படகுதான் சரிந்தது, வலை வரவில்லை. காற்றும் மெல்ல எழும்பிப் படகை வலைக்கு மேலாகத் தள்ளத் தொடங்கியது.

அவர் இன்னும் இரண்டு தரம் முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார். மேல்கயிறு நரம்புபோல் விறைத்தது. பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். "வெட்டுறன். வந்தது காணும்."

வந்தது காணாது என்பது இருவருக்கும் தெரியும்.

"பொறுங்கோ," என்றேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால், கொக்கிகள் தொங்குகிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் தேடுவோம். கொக்கி சிலவேளை வாளியை விட்டுவிட்டுக் கிணற்றுக் கல்லில் மாட்டிக்கொள்ளும். மேலே நின்று இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும். கயிற்றைத் தளர விட்டு, கட்டைச் சுற்றி மறுபக்கம் போய் இழுத்தால் கழன்றுவிடும். அந்த ஏரியில் எனக்குத் தெரிந்திருந்த ஒரேயொரு விஷயம் அதுதான். சொல்ல டொச் இல்லை. கயிற்றைக் காட்டினேன், விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன், துடுப்புகளைக் காட்டினேன். அவர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு துடுப்பில் உட்கார்ந்தார். நான் வலையைப் பிடித்தேன்.

பாத்திரம் கழுவிக் கழுவி என் விரல்கள் ஊறிய பாண்போல் மென்மையாகியிருந்தன. எக்லியின் முதுகுமுள் ஒவ்வொன்றும் அதைக் கண்டுபிடித்துக் குத்தியது. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர விட்டேன். ஏற்றிய மீனில் ஒரு பங்கு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே விட்டேன். அவர் படகைச் சுற்றி வலித்துப் பள்ளப்பக்கம் கொண்டுபோனார். பாரம் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று உள்ளங்கையால் கேட்டேன். பிறகு இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்படி தலையால் காட்டினேன். அவர் வலித்தார். மறுபடியும் இழுத்தேன். அடியில் ஏதோ ஒன்று மனம் மாறியதுபோல் கழன்றது. வலை இலேசாகி என்னோடு வந்தது; அது வந்த வேகத்தில் நான் பின்னுக்குச் சாய்ந்து படகின் விளிம்புக்கு மேலால் போய்க்கொண்டிருந்தேன். சம்மாட்டியம்மாவின் கை என் இடுப்புப் பட்டியைப் பிடித்து, மீனை இழுப்பதுபோல் உள்ளே இழுத்துப் போட்டது.

நான் பெட்டிகளுக்கிடையே விழுந்து கிடந்தேன். வலையை மட்டும் விடவில்லை.

"எனக்கு நீந்தத் தெரியாது," என்றேன். அதை முந்திய நாளே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை இப்போதுதான் கிடைத்தது.

அவர் வாயிலிருந்த கத்தியை எடுத்தார். "எனக்கும்தான்," என்றார்.

இருவரும் சிரித்தோம். அந்த மூடுபனிக்குள் அந்தச் சிரிப்பை யாராவது கேட்டிருந்தால் ஏரிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு சேர்ந்து இழுத்தோம். எக்லி வந்துகொண்டேயிருந்தது. ஒரு பெட்டி நிரம்பியது, அடுத்த பெட்டி நிரம்பியது. கழற்ற நேரமில்லாமல் வலையோடு சேர்த்தே படகின் அடியில் குவித்தோம். கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. என் கை முழுவதும் இரத்தக் கீறல்கள். குளிரில் ஒன்றும் வலிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். இனி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கத் தேவையில்லாத முகமாக அது இருந்தது. நாங்கள் திரும்பும்போது மூடுபனி கிழிந்து, திராட்சைச் சரிவு மஞ்சளாக வெளியே வந்தது.

கொட்டிலின் வாசலில் அவர் கணவர் நின்றார். மெலிந்த, சுத்தமான மனிதர். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். நகரத்துக்காரர் அன்று பின்னேரம் வருவதாக இருந்தது. கணவர் படகுக்குள் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மதியத்துக்குள் இவ்வளவையும் சீவியெடுக்க ஒருவரால் முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். உள்ளே போனார். வரும்போது கோட்டு இல்லை. சட்டைக் கையை மடித்திருந்தார். கையில் இரண்டு மெல்லிய கத்திகள். ஒன்றை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பலகை வாங்கில் உட்கார்ந்தார். மணிக்கூட்டின் சின்னச் சில்லுகளைப் பிடித்துப் பழகிய விரல்கள். முதல் மீனில் வெட்டு கொஞ்சம் பிசகியது. அதற்குப் பிறகு ஒன்றும் பிசகவில்லை.

"உம்மடை ஆள் இரத்தம் வடிய நிக்கிறான்," என்று மனைவியிடம் சொன்னார்.

"அவன் நிக்கட்டும். நீர் வெட்டும்."

நான் நிற்கவில்லை, உணவகத்துக்கு ஓடினேன். மதியத்துக்கு முன் பெட்டிகள் பின்கதவால் வந்தன. ஷெஃப் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு சம்மாட்டியம்மாவுக்குக் கை கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக்குழு பாடப் பாட, இந்தப் பக்கம் வெண்ணெய் பொரிந்தது. விருந்து எப்படி என்பதைப் பாத்திரம் கழுவுபவனிடம்தான் கேட்கவேண்டும். அன்று திரும்பி வந்த தட்டுகளில் பிழிந்த எலுமிச்சைத் துண்டைத் தவிர ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும் நான் சிவப்புக்கண் மீன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். வெதுப்பகத்துக்கு மேலே, ஒரே வீட்டில் எங்களில் பலர் இருந்தோம். பெரியண்ணை பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"நல்ல தண்ணி மீனோ? சேத்து மணமடா. நாங்கள் கடல்மீன் திண்ட சனம்."

"சமைச்சுப் பாருங்கோவன் அண்ணை."

வீட்டிலிருந்து பார்சலில் வந்த மிளகாய்த்தூள் இருந்தது, பழப்புளி இருந்தது, வெந்தயம் இருந்தது. கறிவேப்பிலை மட்டும் இல்லை. திட்டிக்கொண்டே வெட்டினார், திட்டிக்கொண்டே கூட்டினார். குழம்பு கொதித்தபோது திட்டு நின்றுவிட்டது. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். முள் நிறைந்த மீனைக் கதைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. எப்போதும் வானொலியும் வாக்குவாதமுமாக இருக்கும் அந்த அறை அமைதியானது. அதற்கு முன் அந்த அறை அமைதியான நாட்களெல்லாம் ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்த நாட்கள். அன்று மீன்முள்ளுக்காக அமைதியாயிருந்தோம். கடைசியில் பெரியண்ணை விரலைச் சூப்பியபடி, "இந்தச் சிவத்தக்கண்ணி பரவாயில்லை," என்றார். மீனுக்கும் அவர்தான் பெயர் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை பெரியண்ணையே என்னோடு கொட்டிலுக்கு வந்தார். அதற்கடுத்த சனி பீலிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் பேர்ணிலிருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பேர்ண்காரர் லாங்கன்தாலில் இருந்த சொந்தக்காரருக்குச் சொன்னார்கள். உயிர்ப்பாக இருந்த மீனை முழுசாக, தலையோடு வாங்கலாம் என்ற சொல் சனத்தை ரயிலேற்றியது. எனக்கு அனுமதி சமையலறை வேலைக்கு மட்டும்தான். ஆகவே விடுமுறைக் காலைகளில் நான் படகில் போனதற்குச் சம்பளம் இல்லை, மீன்தான். சம்மாட்டியம்மா முதலில் இந்தக் கூட்டத்தைக் கண்டு மிரண்டார். பிறகு, பறவைகளுக்கு எறிந்ததையெல்லாம் நினைத்து நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். அவருடைய கணவர் முள்ளை நுணுக்கமாக அரிந்துகொடுக்கும் விதத்தைத் தானே கண்டுபிடித்தார். ஒரு நாள் என்னிடம் ஒரு பலகையை நீட்டி, எங்கள் எழுத்தில் 'மீன்' என்று எழுதிக் காட்டச் சொன்னார். நான் எழுதியதைப் பார்த்துச் செதுக்கினார். 'மீ'யின் சுழி மணிக்கூட்டின் சுருள்வில்போல் ஒரு சுற்றுக் கூடுதலாக வந்துவிட்டது. யாரும் திருத்தச் சொல்லவில்லை.

ஷெஃப் புதுவருடம்வரை சொல்லைக் காப்பாற்றினார். பிறகு ஐஸ்பெட்டி இறங்கியது. எந்த நாளும் வரும், ஒரே அளவில் வரும், முள் இருக்காது என்றார். சம்மாட்டியம்மா சமையலறைக்கு வந்து தன்னுடைய வெறும் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். ஒக்டோபரில் வெறுங்கையோடு திரும்பிப் போன நகரத்துக்காரர் அந்த வாரமே மறுபடியும் கொட்டிலுக்கு வந்தார். விலையைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார். நான் வலை மடித்துக்கொண்டிருந்தேன். கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசினார். "நாங்கள் விக்கேல்லை. எங்களுக்கு வேலை கிடக்கு," என்றார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மீனை அரியத் தொடங்கினார். சம்மாட்டியம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. ஆனால் அவர் கத்தி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

இப்போது நான் ஓல்டனில் இருக்கிறேன். களஞ்சிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள் மீன் என்றால் பொட்டலத்தில் வருவது என்று நினைக்கிற வீடு இது. ஏரிக்கரை உணவகங்கள் சிவத்தக்கண்ணியை முள் நீக்கிப் பொரித்துத் தருகின்றனவாம். விலை எக்லிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாம். சம்மாட்டியம்மா முதுமைவரை படகில் போய், பிறகு போகாமல் விட்டு, சில வருடங்களுக்கு முன் காலமானார். மரண வீட்டுக்கு நாங்கள் பலர் போயிருந்தோம். ஏரி மீனவர்கள் தங்கள் வாங்கில் தள்ளியிருந்து எங்களுக்கு இடம் தந்தார்கள். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த மூடுபனிக் காலை இல்லை. ஐஸ்பெட்டி இறங்கிய குளிர்காலத்துக்குப் பிறகு வந்த இளவேனிலில் ஒரு சனிக்கிழமைதான் வருகிறது.

வெயில் அடித்த காலை. கொட்டிலுக்கு முன்னால் வரிசை ரயில் நிலையப் பாதைவரை நீண்டிருந்தது. பெரும்பாலும் எங்கள் ஆட்கள், நடுவே ஊரவர்கள் சிலர். எக்லி ஒரு பெட்டியில், சிவத்தக்கண்ணி பல பெட்டிகளில். நான் தராசில் நின்றேன். வரிசையின் தலைப்பில் பெரியண்ணை. அப்போது ஷெஃப் வெள்ளை மேற்சட்டையோடு பாதையில் இறங்கி வந்தார். பழைய வாடிக்கையாளர்கள் உறைமீனை வாயில் வைத்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும், பாட்டுக்குழு தன் அடுத்த விருந்தை வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்பதும் சமையலறையில் எங்களுக்குத் தெரியும். அவர் நேரே வரிசையின் முன்னுக்கு வந்து எக்லிப் பெட்டியைக் காட்டினார்.

"எல்லாத்தையும் எனக்குப் போடும்."

சம்மாட்டியம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தார். "ஷெஃப், உமக்கு முன்னாலை ஆக்கள் நிக்கினம்."

ஷெஃப் திரும்பிப் பார்த்தார். முன்னால் நின்றது அவருடைய சமையலறையில் கிழங்கு உரிக்கிற மனிதர். பெரியண்ணை சட்டென்று ஓர் அடி பின்வாங்கி, "பரவாயில்லை ஷெஃப், நீங்கள் எடுங்கோ, நான் பேந்து..." என்று தொடங்கினார்.

"இல்லை," என்றார் சம்மாட்டியம்மா. சத்தம் போடவில்லை. "இவர்தான் முதல் வந்தவர்."

ஷெஃப் பெரியண்ணையைப் பார்த்தார், தராசுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஒரு தரம் ஆட்டினார். வரிசை நெடுக நடந்து போய், குழந்தை வண்டியோடு நின்ற பேர்ண்காரப் பெண்ணொருத்திக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தப் பெண் அவருக்கு வணக்கம் சொன்னாள். அவரும் சொன்னார்.

பெரியண்ணை முன்னுக்கு வந்தார். சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டார். பெட்டிக்கு மேலே குனிந்து, ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார்.